மங்களத்துக்குப் பதில் மங்களம்

“விண்ணப்பம் இல்லாம எடுக்கற ஓய்வுக்கு ஓய்வுன்னு பேரு இல்ல, சகோதரி! அதுக்குப் பேரு சோம்பேறித்தனம்!”

“இருபத்தேழு வருஷமா ஒரு ஞாயிறு தவறாம வாசிச்சவளப் பாத்து சோம்பேறிங்கறீங்களே அண்ணே, வாய் வலிக்கல?”

“நான் அவங்களச் சொல்லல. நடைமுறையைச் சொன்னேன்!”

“அப்ப நடைமுறையவே கூப்பிட்டு ஆர்கன் வாசிக்கச் சொல்லுங்க லா!”

முதலில் கத்தியவர் எபினேசர் ரத்னவேல். பதிலுக்குக் கத்தியவள் சபைச் சமையலறையின் ராணி பஞ்சவர்ணம். அரிசிச் சேமியா பீஹூன் கிளறிய கரண்டி இன்னும் கையில் இருந்தது. சண்டைக்குக் காரணமான மங்களமோ இருவருக்கும் நடுவில் நின்று, காகிதத் தட்டில் ஆறிக்கொண்டிருந்த தன் பீஹூனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஜூலை மாதம் நாலாவது ஞாயிறு, அந்த ஒரே ஒரு ஞாயிறு, அவளுக்கு லீவு வேண்டும். அவ்வளவுதான்.

தேக்கா சந்தையிலிருந்து ஐந்து நிமிஷ நடையில், ஒரு பாத்திரக்கடைக்குப் பின்னால் இருக்கிறது ஒலிவக்கிளைத் தமிழ்த் திருச்சபை. ஆராதனை முடிந்து கூடத்தில் நூற்றைம்பது பேர் தட்டோடு நின்றார்கள். எல்லார் வாயும் மென்றுகொண்டிருந்தது. எல்லார் காதும் ஒரே திசையில் திரும்பியிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. பிரசங்கத்தைவிடத் தெளிவாகக் கேட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷத்துக்கே சபை ‘இளைப்பாறுதலின் ஆண்டு’ என்று பெயர் வைத்திருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர் அட்டவணையைப் பார்த்ததும் அழுதார்கள். வாசலில் வரவேற்பவர் ஒருவர் தூணில் சாய்ந்தபடியே உறங்கி, பாட்டுப் புத்தகக் கட்டோடு சரிந்து விழுந்தார். போதகர் ஜெயசீலன் ஒரு நாள் பிரசங்கத்தின் நடுவே, “கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்” என்று பலிபீடப் படியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே மீதியைப் பிரசங்கித்தார். அதற்குப் பிறகுதான் சபை விழித்துக்கொண்டு, தூங்குவதற்கு ஒரு குழு அமைத்தது.

இளைப்பாறுதல் குழுவில் பதினோரு பேர். அதன் கீழே ஏழு துணைக்குழுக்கள். வாரத்துக்கு இரண்டு கூட்டம். ஓய்வைப் பற்றி அனுபவம் உள்ளவர் யார் என்று தேடியபோது, எபினேசர் ரத்னவேலின் பெயருக்குப் பின்னால் ‘ஓய்வு பெற்ற அதிகாரி’ என்று இருந்தது. அவரையே தலைவராக்கிவிட்டார்கள். மனிதர் ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும், தினம் காலை எட்டு மணிக்குச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் கட்டி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, யாராவது கோப்பு கொண்டுவருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பாராம். சொன்னது அவர் மனைவியே. யாரிடம் சொன்னார் என்று கேட்காதீர்கள்.

குழுவுக்கு அலுவலகம் தேவைப்பட்டது. கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறை இருந்தது; ஆராதனையில் தலைசுற்றல் வந்தவர்கள் படுத்துக்கொள்ள அதில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். கட்டிலை வெளியே எடுத்துவிட்டு, மேசையும் அலமாரியும் போட்டு, கதவில் ‘இளைப்பாறுதல்’ என்று பலகை மாட்டினார்கள்.

மங்களத்துக்கு இதிலெல்லாம் வருத்தம் கிடையாது. அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. வாரநாளில் தேக்கா பக்கம் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. ஞாயிறன்று காலை எட்டு மணிக்கு ஓர் ஆராதனை, பத்தரைக்கு ஓர் ஆராதனை, இரண்டு மணிக்கு வாலிபர் கூட்டம், ஐந்துக்கு மாலை ஆராதனை. நடுநடுவே பாடகர் பயிற்சி. எல்லாவற்றுக்கும் ஆர்கன் அவள்தான். ஞாயிற்றுச் சூரியனை அவள் பார்ப்பது ஆர்கனுக்கு மேலே இருந்த வண்ணக் கண்ணாடி வழியாக. இருபத்தேழு வருஷமாக அது ஊதா நிறம். இருநூற்றுக்கும் மேற்பட்ட மணப்பெண்கள் அவள் வாசிப்புக்கு நடந்து போயிருக்கிறார்கள். ‘உனக்கு யாரும்மா வாசிப்பா?’ என்று ஆரம்பத்தில் கேலி பண்ணிக்கொண்டிருந்தவர்கள், நாற்பது வயதுக்குப் பிறகு மரியாதையாக நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த நாலாவது ஞாயிற்றின் கதையை அவள் பஞ்சவர்ணத்திடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

சுந்தரம் என்று ஒருவர். ஐம்பத்து மூன்று வயது, மனைவியை இழந்து எட்டு வருஷம். சாயங்காலம் மங்களம் வாம்போவில் உள்ள வீட்டுக்குப் போகும் பேருந்தை ஓட்டுபவர். வண்டி ஓடும்போது ஓட்டுநரோடு பேசக்கூடாது என்று பலகையே இருக்கிறது. இருவரும் சட்டத்தை மதிப்பவர்கள். ஆகவே நான்கு வருஷமாக சிவப்பு விளக்கில் மட்டும் பேசிக்கொண்டார்கள். வழியில் ஒன்பது சிக்னல். எல்லாம் பச்சையாக விழுந்த நாளில், முகம் வாடி இறங்குவாள் மங்களம். ஊரில் சிவப்பு விளக்குக்கு ஸ்தோத்திரம் சொன்ன ஒரே பயணி அவள்தான்.

மே மாதம் ஒரு நாள், நாலாவது சிக்னலில் அவர் திரும்பாமலே சொன்னார்: “ஆகஸ்டுலேர்ந்து என்னைய அந்தக் கோடியில இருக்கற பூன் லே டிப்போவுக்கு மாத்திட்டாங்க. வீடும் அங்கியே கெடச்சிருச்சி.”

விளக்கு பச்சையானது. ஐந்தாவது சிக்னல் வரை மங்களம் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவதில் அவர் சொன்னார்: “ஜூலை நாலாவது ஞாயிறு எனக்கு ஆஃப். அதுக்கு முன்னாடி சனி, ஞாயிறு ஆஃப் கெடையாது, மத்த நாள்ல உங்களுக்கு வேல. பொங்கோல்ல கடலோரமா பெஞ்சு போட்டிருக்காங்க. சிக்னல் மாறாத எடமா உக்காந்து உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“என்ன கேக்கணும்?” என்று மங்களம் கேட்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது. ஆறும் ஏழும் எட்டும் ஒன்பதும் அன்றைக்கென்று பச்சை.

அதனால்தான் அவளுக்கு அந்த ஞாயிறு வேண்டும்.

*

குழுவின் செயலாளர் நிரஞ்சனா, முப்பத்திரண்டு வயது, ஏதோ பெரிய கம்பெனியில் ஆள்சேர்ப்புப் பிரிவு. கெட்ட பெண் இல்லை. சுறுசுறுப்பு மட்டும்தான் வியாதி.

“அக்கா, ஃபார்ம் ரொம்ப சிம்பிள், ஓகே? நாலே பேஜ். நான் லிங்க் அனுப்பறேன். எல்லா பாக்ஸும் ஃபில் பண்ணாத்தான் சப்மிட் ஆகும்.”

மங்களம் மதிய இடைவேளையில் போனைத் திறந்தாள். ஓய்வின் நோக்கம். ஓய்வின் வகை: தனி, குடும்பம், சபை. ஓய்வினால் எதிர்பார்க்கப்படும் ஆவிக்குரிய பலன்கள், மூன்றுக்குக் குறையாமல். முன் அனுபவம். கடைசியாக இளைப்பாறிய தேதி.

கடைசிக் கேள்வியில் அவள் நீண்ட நேரம் நின்றாள். பிறகு, தொண்ணூற்றேழாம் வருஷம் அம்மை போட்டிருந்த தேதியை நினைவுகூர்ந்து எழுதினாள். நோக்கம் என்ற இடத்தில், ‘சும்மா உட்கார’ என்று எழுதினாள்.

மூன்றாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. ரத்னவேல் அவளை அலுவலகத்துக்கு அழைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுப் பேசினார்.

“சகோதரி, சும்மா உட்கார்றது ஒரு வகைன்னு எங்க பட்டியல்ல இல்ல. சும்மா உட்கார்ந்தா என்ன பலன்னு நாளைக்கு யாராவது கேட்டா நாங்க எப்படி அளந்து காட்டறது? ஓய்வுன்னா அதுக்கு ஒரு முயற்சி வேணும், ஒரு இலக்கு வேணும். முதல்ல பயிற்சிக்கு வாங்க. பயிற்சி இல்லாத ஆளு ஓய்வெடுத்தா உடம்புக்கே ஆபத்து.”

“பயிற்சி என்னைக்கு அண்ணே?”

“ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஏழு மணி. ஆறு வாரம். ஆரம்பப் பாடலுக்கும் முடிவுப் பாடலுக்கும் நீங்களே வாசிச்சிடுங்க.”

இருந்த ஒரே சனிக்கிழமைத் தூக்கமும் போயிற்று. மங்களம் ஆறு வாரம் போனாள். ‘மூச்சு விடுதலின் அடிப்படைகள்’ என்று ஒரு வகுப்பு, அதற்குப் பரீட்சை. ‘இல்லை என்று சொல்லப் பழகுவோம்’ என்று இன்னொன்று. அதில் யார் முதலில் சொல்லிக்காட்டுவது என்று கேட்டபோது பஞ்சவர்ணம் எழுந்து, “அடுத்த வாரம் நூத்தம்பது பேருக்கு பீஹூன் செய்ய முடியாது, இல்லை” என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அருமையாகச் சொன்னதற்காக அவளுக்கு ஒரு குவளை பரிசு கொடுத்து, அடுத்த வாரம் இருநூறு பேருக்குச் செய்யச் சொன்னார்கள்.

ஜூன் மாதம் பாசிர் ரிஸில் கடலோர விடுதி எடுத்து இரண்டு நாள் இளைப்பாறுதல் முகாம். காலை ஐந்து மணிக்கு எழுதல். ஐந்தேகாலுக்கு மௌன ஜெபம். ஆறுக்கு உடற்பயிற்சி. ஏழுக்குக் குழு விவாதம்: ‘நாம் ஏன் களைத்திருக்கிறோம்?’ இப்படியே போய், பிற்பகல் இரண்டு பத்து முதல் இரண்டு இருபத்தைந்து வரை ‘ஓய்வு’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு புல்தரையில் படுத்தார்கள். ட்ரோன் ஒன்று மேலே பறந்து படம் எடுத்தது. வெயில் கண்ணைக் குத்தியதால் மூன்று முறை படுக்க வேண்டியிருந்தது. மங்களம் மட்டும் படுக்கவில்லை. புன்னை மரத்தடியில் கையடக்கக் கீபோர்டை மடியில் வைத்து, படுத்தவர்களுக்கு மெல்லிசை வாசித்துக்கொண்டிருந்தாள். மடிக்கு மேலே, இலைகளின் இடைவெளியில், கொஞ்சம் வெயில் விழுந்தது. ஊதா இல்லை. அவள் இரண்டு சுரம் தவறவிட்டாள்.

“மங்களம், டெம்போ!” என்று ரத்னவேல் புல்லில் படுத்தபடியே சொன்னார்.

முகாம் முடிந்ததும் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு முறையாவது ஓய்வெடுத்து, அதற்கு ஆதாரமாகப் படம் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அனுப்பாதவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்பது ஒன்றுக்கு வரும். பஞ்சவர்ணம் முக்காலியில் கால் நீட்டிய படத்தை அனுப்பினாள். அடுத்த வாரமும் அதே படம். மூன்றாவது வாரமும் அதே செருப்பைக் கண்டு நிரஞ்சனா விசாரித்தபோது, “என் காலு வாரத்துக்கு வாரம் மாறுமா பிள்ள?” என்றாள். போதகர் கண் மூடிச் சாய்ந்திருக்கும் படத்தை அனுப்பினார். ரத்னவேல் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, தலையணைக்குக் கீழே பிரசங்கக் குறிப்பு நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, மதிப்பெண்ணைக் குறைத்தார்.

ஜூன் கடைசி ஞாயிறு அவர் மேடையேறி அறிக்கை வாசித்தார்: “அன்பானவர்களே, இந்த அரையாண்டில் நம் சபையின் இளைப்பாறுதல் பதினெட்டு சதவீதம் உயர்ந்திருக்கிறது. இதற்காக உங்கள் குழு அல்லும் பகலும் அயராது உழைத்திருக்கிறது. நான் கடந்த நான்கு மாதங்களாக ஒரு நாள்கூட வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. துணைத்தலைவர் ரத்தக் கொதிப்பினால் மருத்துவமனையில் இருக்கிறார். இப்பேர்ப்பட்ட தியாகம் இல்லாமல் ஓய்வு என்பது சாத்தியமே இல்லை.”

கைதட்டல் பலமாக இருந்தது. போதகர் மட்டும் கைதட்டவில்லை. உறங்கிக்கொண்டிருந்தார்.

*

மங்களத்தின் விண்ணப்பம் இப்போது எல்லாக் கட்டத்தையும் தாண்டிவிட்டது. ஒன்றே ஒன்று பாக்கி. மாற்றுப் பணியாளரின் பெயர்.

“அக்கா, நீங்க இல்லன்னா யாரு வாசிப்பா? பதில் ஆளு யாரு?” என்றாள் நிரஞ்சனா.

“அதைத்தாம்மா நானும் இருபத்தேழு வருஷமா தேடறேன்.”

அலமாரியிலிருந்து இசைப் பணியாளர் பதிவேட்டை எடுத்தார்கள். ஆர்கன் என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மங்களம். குழு இதைப் பற்றி இரண்டு கூட்டம் விவாதித்தது. பெயர் இல்லாத ஆளைப் போட நடைமுறை இடம் கொடுக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட நிரஞ்சனாவின் லிங்க் இடம் கொடுக்கவில்லை. முடிவில், பதிவேட்டில் தகுதியுள்ளவர் ஒருவர் இருக்கையில் வெளியே தேடுவது முறையல்ல என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

கடிதம் சபை முத்திரையோடு வந்தது:

‘சகோதரி மங்களம் அவர்களுக்கு, தாங்கள் கோரியபடி ஜூலை நாலாவது ஞாயிறு முழுநாள் ஓய்வு மகிழ்ச்சியுடன் அனுமதிக்கப்படுகிறது. அன்று தங்கள் இடத்தில் சகோதரி மங்களம் வாசிப்பார். மாற்றுப் பணியாளர் காலை ஏழேகாலுக்கே வந்துவிடுமாறு தாங்கள் அவருக்கு அறிவுறுத்தவும்.’

மங்களம் அதை மூன்று தடவை படித்தாள். நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

“அண்ணே, நான் ஓய்வுல இருக்கும்போது நானே எப்படி…”

“சகோதரி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு,” என்றார் ரத்னவேல், படிவத்தைத் திருப்பிக் காட்டி. ஒரே கையெழுத்து இரண்டு இடத்தில் இருந்தது. சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்களை எல்லாம் நிரப்பச் சொன்னார்களே என்று அவளே போட்டதுதான். “இனிமே மாத்தணும்னா மாற்றுப் பணியாளர் ராஜினாமா செய்யணும். அதுக்கு மூணு மாச அவகாசம் வேணும். அதை விடுங்க. இன்னொரு சந்தோஷச் செய்தி! எங்க குழு ஆரம்பிச்சதுலேர்ந்து முறைப்படி அனுமதி வாங்கின முதல் ஓய்வு உங்களோடது. அதனால அன்னைக்கு விசேஷ ஸ்தோத்திர ஆராதனை. பதினாலு பாட்டு. உங்களுக்குப் பொன்னாடை. ‘நான் எப்படி இளைப்பாறினேன்’னு நீங்க சாட்சி சொல்றீங்க, பத்து நிமிஷம்.”

“அன்னைக்கு நான் இங்க இருக்க மாட்டேனே.”

ரத்னவேலின் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது. “நீங்க இல்லாம உங்க ஓய்வை எப்படிம்மா கொண்டாடறது?”

அன்று சாயங்காலம் பேருந்தில் இரண்டாவது சிக்னலில் சுந்தரம் கேட்டார்: “கெடச்சிருச்சா?”

“அனுமதி கெடச்சிருச்சு,” என்றாள் மங்களம். “லீவுதான் கெடைக்கல.”

மூன்றாவது சிக்னல் பச்சையாக விழுந்தது. நாலாவதில், “வேலன்னா பரவால்ல. நீங்க சங்கடப்படாதீங்க. நான் ஒம்போது மணிக்கு அங்க இருப்பேன். பத்து, பதினொண்ணு வரைக்கும் உக்காந்திருப்பேன். வரலன்னா நான் தப்பா நெனைக்க மாட்டேன், வரலன்னு மட்டும் நெனச்சுக்கறேன்” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள்.

*

சனிக்கிழமை மதியம் மங்களம் பதினாலு பாட்டையும் ஒத்திகை பார்த்துவிட்டு ஆர்கன் மூடியைப் பூட்டினாள். சாவி அவள் கைப்பையில் மட்டும்தான் இருக்கும். முன்பொரு காலத்தில் இருந்த இன்னொரு சாவியை ஒரு துணைக்குழு தொலைத்துவிட்டது. பின்வரிசையில் போதகர் ஜெயசீலன் உட்கார்ந்திருந்தார். உறங்குகிறார் என்று நினைத்தாள். உறங்கவில்லை.

“பஞ்சவர்ணம் எல்லாம் சொன்னாங்க,” என்றார்.

மங்களத்துக்கு முகம் சுட்டது. பஞ்சவர்ணத்திடம் ஒரு ரகசியம் சொன்னால் அது சபைக்குச் சொன்ன மாதிரி என்று அவளுக்குத் தெரியாமலா போயிற்று?

“பாஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க…”

“எனக்கு மேல பதினோரு பேரும்மா.” கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “நான் திங்கக்கிழமை ஓய்வு கேட்டு மார்ச் மாசம் விண்ணப்பம் போட்டேன். இன்னும் பரிசீலனையில இருக்கு. போதகர்களுக்கு வேற ஃபார்மாம்.” எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி, “சாவிய நாளைக்கு யாராவது என்கிட்ட கேட்டா, எங்கிட்ட இல்லன்னு சொல்லுவேன். அது பொய்யாகாது” என்றார். பிறகு ரொம்ப மெல்ல, “எனக்கும் சேத்து உக்காந்துட்டு வாங்க.”

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மங்களம் பழக்கதோஷத்தில் சபைச் சந்து முனைவரை வந்துவிட்டாள். பாத்திரக்கடைக்கு மேலே ஒரு பதாகை தொங்கியது: ‘மங்களம் அவர்களின் ஓய்வுக்கு வருகை தாருங்கள்!’ அதன் கீழே ரத்னவேல் ஏணி போட்டு ஏறி ஒரு நுனியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் முதுகு இவள் பக்கம் இருந்தது. மங்களம் ஒரு நிமிஷம் நின்றாள். திரும்பினாள். முதலில் நடந்தாள். எம்.ஆர்.டி. ரயில் நிலைய வாசல் தெரிந்ததும், நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணி, நல்ல புடவையும் கைப்பையுமாக, ஓடினாள்.

பொங்கோலில் இறங்கினபோதுதான் பைக்குள் சாவி கிலுகிலுத்தது. அதை வெளியே எடுத்துப் பார்த்தாள்; உள்ளே போட்டுப் பையை இழுத்து மூடினாள்.

சுந்தரம் ஏழரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். சீருடை இல்லாமல் அவரை அவள் பார்த்ததே இல்லை. முன்பக்கமாகப் பார்த்ததும் குறைவுதான். கட்டம்போட்ட சட்டை. பக்கத்தில் ஒரு பையில் இரண்டு கோப்பி, கட்டிக்கொண்டு வந்த தோசை. எதிரே கடல் அசையாமல் கிடந்தது. சூரியன் மஞ்சளாக இருந்தது. மங்களம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உக்காருங்க,” என்றார் சுந்தரம். அவள் உட்கார்ந்தாள். அவர் ஒரு கோப்பியை அவள் பக்கம் நகர்த்தினார். “நான் என்ன சொல்ல வந்தேன்னா, நாலு வருஷமா…”

அவ்வளவுதான் அவள் கேட்டது. காற்று அடித்தது. ஆறு வாரச் சனிக்கிழமை, இருபத்தேழு வருஷ ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்ந்து வந்து அவள் இமையில் உட்கார்ந்தன. தலை மெல்லச் சரிந்து அவர் தோளில் விழுந்தது. கைப்பை நழுவப் போனதை அவர் பிடித்துக்கொண்டார். பாவம், நாலு வருஷமாக யோசித்து வைத்திருந்த வாக்கியம் பாதியில் நின்றது. அவர் அசையவில்லை. ஓட்டுநர் அல்லவா, சிவப்பு விழுந்தால் நிற்கத் தெரியும்.

*

அதே நேரத்தில் சபையில் நடந்ததைப் பின்னால் பஞ்சவர்ணம் சொல்லித்தான் மங்களம் அறிந்தாள். பஞ்சவர்ணம் சொன்னதில் பாதியைக் கழித்தாலும் இவ்வளவு மிஞ்சும்.

ஏழேகாலுக்கு மாற்றுப் பணியாளர் வரவில்லை. எட்டு மணிக்கு ஓய்வாளரும் வரவில்லை. ஆர்கன் பூட்டிக் கிடந்தது. போதகரிடம் சாவி கேட்டார்கள். தன்னிடம் இல்லை என்றார், இரண்டு முறை, மலர்ந்த முகத்தோடு. எட்டு மணி ஆராதனை எப்படியோ ஓடியது. பத்தரைக்கு விசேஷ ஆராதனை. யாரோ போனில் பாட்டைப் போட, முதலில் மெத்தை விளம்பரம் ஒன்று வந்தது. ரத்னவேல் தாமே ஆரம்பிக்கிறேன் என்று எடுத்த சுருதியில் பாட ஆண்களாலும் முடியவில்லை, பெண்களாலும் முடியவில்லை. கடைசியில் சமையலறை வாசலிலிருந்து பஞ்சவர்ணம் கரண்டியோடு வந்து ஓங்கிப் பாடினாள். சபை பின்தொடர்ந்தது. சொல்லக்கூடாது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்: ரொம்ப வருஷத்துக்குப் பிறகு சபை தன் குரலைத் தானே கேட்டது. நன்றாகவே இருந்தது.

பொன்னாடையை யாருக்குப் போர்த்துவது என்று தெரியாமல் ஆர்கன் மூடிமேல் போர்த்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து நூற்றைம்பது போன்கள் ஒரே சமயத்தில் சிணுங்கின.

செயலாளர் நிரஞ்சனா அன்று காய்ச்சல் என்று டாக்டரிடம் எம்.சி. சீட்டு வாங்கி லீவு போட்டிருந்தாள். அவள் வீடு பொங்கோல். ஆறு மாத இளைப்பாறுதல் வேலையில் இடுப்பு ஒடிந்துபோய், ஒரு நாளாவது யாரும் கூப்பிடாமல் நடந்து வரலாம் என்று கடலோரம் வந்தவள், பெஞ்சில் மங்களத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, அக்கா ஒருவர் தோளில் அயர்ந்து கிடந்தாள். இப்படி ஓர் ஓய்வை நிரஞ்சனா தன் குழுவில் கண்டதே இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. விரல் மட்டும் பழக்கத்தை விடவில்லை: படம் எடுத்து, ‘இளைப்பாறுதல் ஆதாரம்’ குழுவில் போட்டு, பச்சைக் குறியும் போட்டுவிட்டது. தான் காய்ச்சலில் படுத்திருக்க வேண்டியவள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சபையில் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் பேசியவர் ரத்னவேல். “இது… இது உண்மையான தூக்கம்,” என்றார். இதுவரை வந்த நூற்றுக்கணக்கான படங்களில் போலியில்லாதது இது ஒன்றுதான் என்று அவருடைய அனுபவக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நொடி, “அந்தப் பையிலதான் சாவி இருக்கு!” என்று கத்தினார்.

“சாவிய விடுங்க அண்ணே,” என்றாள் பஞ்சவர்ணம், எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி. “அந்தத் தோளு யாரோடது?”

ஃபார்மில் தோளுக்குக் கட்டம் இல்லை.

*

பதினொன்றேகாலுக்கு மங்களம் கண் விழித்தாள். கோப்பி ஆறிப்போயிருந்தது. சுந்தரத்துக்கு இடது கை மரத்துப்போயிருந்தது. பையை மட்டும் விடவில்லை.

“ஐயையோ! என்ன சொல்லிட்டிருந்தீங்க?”

“ஒண்ணும் சொல்லல. இனிமேதான் கேக்கணும்.”

“கேக்க வேணாம்,” என்றாள் மங்களம். “சரி.”

புதன்கிழமை அவளுக்கு இரண்டு கடிதங்கள் ஒரே உறையில் வந்தன. ஒன்று, முன்மாதிரியான இளைப்பாறுதலுக்காகச் சகோதரி மங்களம் அவர்களுக்கு ஆண்டின் சிறந்த ஓய்வாளர் கேடயம் வழங்குவது பற்றி. மற்றது, ஒப்புக்கொண்ட பணிக்கு முன்னறிவிப்பின்றி வராத மாற்றுப் பணியாளர் சகோதரி மங்களம் அவர்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் கேட்டு. இரண்டிலும் ரத்னவேலின் கையெழுத்து. ஒன்றில் பச்சை மை, ஒன்றில் சிவப்பு.

மங்களம் கேடயத்தை வாங்கிக்கொண்டாள். விளக்கம் கேட்ட கடிதத்துக்கு ஒரு வரி பதில் எழுதி, சாவியைக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்தாள்: ‘தாங்கள் தேடும் மாற்றுப் பணியாளர் கல்யாணமாகி பூன் லேக்குக் குடிபோகிறார். அவருக்கு அறிவுறுத்த இனி என்னால் இயலாது.’

கல்யாணம் அக்டோபரில் நடந்தது. அதே சபையில்தான், ஆர்கன் வாசிக்க ஆள் இல்லை. பஞ்சவர்ணம் பாடினாள், சபை முழுக்கச் சேர்ந்து பாடியது, மங்களம் ஒரு பாட்டுக்கும் உட்கார்ந்து வாசிக்காமல் முதல் தடவையாக நடந்து போனாள்.

போதகர் ஜெயசீலன் ஈப்போவுக்குப் பக்கத்தில் நாற்பது பேர் உள்ள ஒரு சபைக்குப் போய்விட்டார். திங்கட்கிழமைகளில் அவர் போன் அடித்துக்கொண்டே இருக்குமாம், எடுக்க மாட்டாராம். நிரஞ்சனா பெர்த்தில் வேலை கிடைத்துப் போனாள்; அங்கே ஒருவனைக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி, படம் இதுவரை அனுப்பவில்லை. ரத்னவேல் எங்கேயும் போகவில்லை. இளைப்பாறுதல் குழு ஏன் களைத்துப்போனது என்று ஆராய ஒன்பது பேர் கொண்ட குழு அமைந்திருக்கிறது. தலைவர் அவர்தான்.

பூன் லே பக்கம் ஒரு சின்னத் தமிழ்ச் சபைக்கு, சுந்தரத்தின் ஷிஃப்ட் விட்ட நாளில் இருவரும் போகிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சீட்டு கொடுத்து, என்னென்ன திறமை உண்டு என்று கேட்டார்கள். ‘நன்றாகத் தூங்குவேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பாட்டு நேரத்தில் விரல்கள் தாளம் போடாமல் இருக்கக் கைகளைப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் மங்களம்.

அங்கே கீபோர்டு வாசிப்பவள் ஓர் ஆஸ்பத்திரித் தாதி, இரண்டு பிள்ளைக்காரி, வேலை முடிந்த சீருடையோடு நேராக வந்து வாசிப்பாள். ஒரு ஞாயிறு அவள் கொட்டாவியை அடக்கி அடக்கி வாசித்ததை மங்களம் பார்த்தாள். ஆராதனை முடிந்ததும் போய்க் காதோடு சொன்னாள்: “என்னைக்காவது ஒரு ஞாயிறு வேணும்னா எனக்கு ஒரு மெசேஜ் போடு. ஃபார்ம் கெடையாது. காரணம் கேக்க மாட்டேன்.”

இப்போது மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பெண் வீட்டில் உறங்குகிறாள். அவள் பெயர் இங்கே வேண்டாம். ரத்னவேலுக்கு பூன் லேயில் காது கூர்மையான ஒரு தங்கை இருக்கிறாள்.